வெடித்த பாட்டிலும் ஒரு தனித் தீர்ப்பும்: மாநில உச்ச நீதிபதி என்ன செய்கிறார்?

கலிபோர்னியாவில் மெர்செட் என்றொரு ஊர். அங்கே ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்த பெண் ஒருவர், கோகோ கோலா பாட்டில்களை ஃப்ரிட்ஜுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். பெட்டி வந்து இறங்கிக் குறைந்தது 36 மணி நேரம் ஆகியிருந்தது. அதுவரை கவுண்டருக்குப் பின்னால் தரையில் சும்மாதான் கிடந்தது. அதைத் தூக்கிப் பக்கத்திலிருந்த ஐஸ்கிரீம் பெட்டியின்மேல் வைத்து, ஒவ்வொரு பாட்டிலாக வலது கையால் எடுத்து உள்ளே வைத்தார். மூன்று பாட்டில் வைத்தாயிற்று. நான்காவதை ஒன்றரை அடி நகர்த்தியிருப்பார், அது கையிலேயே வெடித்தது. உள்ளங்கையில் ஐந்து அங்குலத்துக்குக் கிழிந்து, இரத்தக் குழாய், நரம்பு, தசை எல்லாம் அறுந்துபோயின. உடைந்த பாட்டிலை ஓர் ஊழியர் குப்பையில் போட்டுவிட்டார். வழக்கு நடந்தபோது காட்டுவதற்கு அந்தக் கண்ணாடித் துண்டுகூட இல்லை.

பாட்டிலை நிரப்பியவர்கள் எங்கே தவறினார்கள் என்று அந்தப் பெண் எப்படி நிரூபிப்பார்? காஸ் அதிகமாக அடைத்தார்களா, கண்ணாடியில் விரிசல் இருந்ததா? அதெல்லாம் அந்தத் தொழிற்சாலைக்குள் இருப்பவர்களுக்கே தெரியும்.

வழக்கு 1944இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அங்கிருந்த ஏழு நீதிபதிகளில் ஒருவர் ரோஜர் டிரேனர். மாநில உச்ச நீதிபதி என்றால் யார், அவருக்கு எவ்வளவு அதிகாரம், அது எங்கே முட்டி நிற்கும் என்று கேட்பவர்களுக்கு இவருடைய கதையைச் சொல்வதுதான் சுலபம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நமக்கு உச்ச நீதிமன்றம் என்றால் டெல்லியில் இருப்பது ஒன்றுதான். சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒத்துவரவில்லை என்றால் அங்கே போகலாம். நீதிமன்றங்கள் எல்லாம் ஒரே ஏணியின் படிகள். அமெரிக்காவில் இரண்டு ஏணிகள் இருக்கின்றன. வாஷிங்டனில் முடிகிற மத்திய அரசின் ஏணி ஒன்று. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி ஏணி இன்னொன்று. அதன் உச்சிப்படிதான் மாநில உச்ச நீதிமன்றம். மாநிலச் சட்டத்துக்கு என்ன பொருள் என்பதில் அந்த நீதிமன்றம் சொன்னதே கடைசி. அமெரிக்க அரசமைப்போ மத்தியச் சட்டமோ வழக்கில் சம்பந்தப்பட்டிருந்தால்தான் வாஷிங்டன் தலையிட முடியும்.

மாநிலச் சட்டம் என்றால் ஏதோ சில்லறை விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். கல்யாணம், விவாகரத்து, சொத்து, ஒப்பந்தம், விபத்து, கொலை, திருட்டு என்று மனிதர்களின் அன்றாடத்தைத் தொடுகிற சட்டம் பெரும்பாலும் மாநிலத்தின் கையில்தான் இருக்கிறது. இதில் கணிசமான பகுதி சட்டமன்றம் இயற்றியதே அல்ல. ஆங்கிலேய மரபிலிருந்து வந்த ‘காமன் லா’, அதாவது நீதிபதிகள் தீர்ப்பு தீர்ப்பாகக் கட்டிவைத்த சட்டம். நீதிபதிகள் கட்டியதை நீதிபதிகளே மாற்றிக் கட்டலாம். டிரேனருக்குக் கிடைத்த வாய்ப்பு இதுதான்.

இன்னொரு வேடிக்கை. நியூயார்க்கில் ‘சுப்ரீம் கோர்ட்’ என்பது சாட்சி விசாரிக்கும் கீழ் நீதிமன்றத்தின் பெயர். அங்கே உச்சியில் இருப்பதைக் ‘கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்’ என்பார்கள். டெக்சாஸில் உச்ச நீதிமன்றங்களே இரண்டு: உரிமையியல் வழக்குக்கு ஒன்று, குற்ற வழக்குக்கு ஒன்று. பெயரை மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

சரி, டிரேனரைப் பார்ப்போம். 1900 பிப்ரவரி 12 அன்று யூட்டா மாநிலத்தின் பார்க் சிட்டியில் பிறந்தார். இன்று பணக்காரர்கள் பனிச்சறுக்கு விளையாடப் போகிற இடம் அது. அன்றைக்கு வெள்ளிச் சுரங்க ஊர். பெற்றோர் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள், அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பையன் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தார், அப்புறம் அந்த ஊரை விட்டுப் போகவே இல்லை என்று சொல்லலாம். அரசியல் அறிவியலில் முனைவர் பட்டமும் சட்டப் பட்டமும் வாங்கி, அங்கேயே சட்டப் பேராசிரியர் ஆனார். அவர் பாடம் வரிச் சட்டம். 1930களின் பொருளாதார மந்தத்தில் மாநிலத்தின் கஜானா காலியானபோது, புதிய வரிகளை வடிவமைக்க இவரைக் கூப்பிட்டார்கள். கலிபோர்னியாவில் கடைக்குப் போகிற யாரும் இன்றும் கட்டுகிற விற்பனை வரி 1933இல் வந்தது, வருமான வரி 1935இல் வந்தது. இரண்டிலும் அவர் கை உண்டு.

நீதிமன்றத்தில் வாதாடிப் பெயர் வாங்கியவர் இல்லை, கீழ் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவரும் இல்லை. அப்படிப்பட்டவர் 40 வயதில் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். எப்படி?

கலிபோர்னியாவில் 1934இல் ஒரு முறை கொண்டுவந்தார்கள். ஆளுநர் பெயரைச் சொல்வார். (அங்கே ஆளுநர் என்றால் நம் முதலமைச்சரைப் போல, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர், ராஜ்பவன்காரர் அல்லர்.) அந்தப் பெயரை ஒரு சிறு குழு ஏற்க வேண்டும். அதன்பின் பொதுத் தேர்தலில் மக்கள் வாக்களிப்பார்கள். எதிர் வேட்பாளர் கிடையாது, ‘இவர் தொடரலாமா?’ என்ற கேள்விக்கு ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். முழுப் பதவிக்காலம் 12 ஆண்டு. அது முடிந்தால் மறுபடி மக்களிடம் போக வேண்டும்.

1940இல் ஒரு காலியிடம் விழுந்தது. ஆளுநர் கல்பர்ட் ஓல்சன் முதலில் சொன்ன பெயர் டிரேனர் அல்ல. பெர்க்லியில் அவருடன் பணியாற்றிய மாக்ஸ் ராடின். ராடினுக்கு இடதுசாரிச் சாய்வு என்று ஒரு புகைச்சல் இருந்தது. குழு அவரைத் தள்ளிவிட்டது. எதிராக வாக்களித்தவர்களில் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் ஏர்ல் வாரனும் ஒருவர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார். ராடின் போன பிறகு ஓல்சன் டிரேனரைச் சொன்னார், குழுவும் ஒப்புக்கொண்டது. 1940 ஆகஸ்டில் பதவியேற்றார். சக பேராசிரியருக்கு நழுவிய நாற்காலி இவருக்கு வந்தது.

இப்போது வெடித்த பாட்டிலுக்குத் திரும்பலாம். நீதிபதிகள் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்கள்: அந்தப் பெண்ணுக்குப் பணம் போக வேண்டும். தலைமை நீதிபதி ஃபில் கிப்சன் பெரும்பான்மைக்காக எழுதினார். அவர் கையிலெடுத்தது பழைய இலத்தீன் விதி ஒன்று, ‘ரெஸ் இப்ஸா லொகிட்டர்’. நடந்ததே பேசும் என்று பொருள். ஒழுங்காகத் தயாரித்த பாட்டில் சும்மா வெடிக்காது, ஆகவே தயாரித்தவர்கள் கவனக்குறைவாக இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம் என்றார். வழக்கு அத்தோடு முடிந்தது.

டிரேனர் தனியாக ஒன்று எழுதினார். இங்கே ஒரு சொல்லை விளக்கிவிடுகிறேன். பல நீதிபதிகள் சேர்ந்து விசாரிக்கும்போது தீர்ப்பு மூன்று விதமாக வரலாம். பெரும்பான்மைத் தீர்ப்பு, அதுதான் சட்டம். மாறுபட்ட தீர்ப்பு, முடிவையே ஏற்காதவர் எழுதுவது. மூன்றாவது, உடன்பட்ட தனித் தீர்ப்பு: முடிவு சரி, ஆனால் நீங்கள் போன வழி எனக்குச் சரியாகப் படவில்லை என்பது. மூன்றாவது வகையை ஆரம்ப வாசகர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். அதற்குச் சட்ட பலம் கிடையாது என்பதும் உண்மைதான்.

டிரேனர் சொன்னதன் சாரம் இது. கவனக்குறைவு இருந்ததாக ஊகம் செய்துகொண்டு எதற்காகச் சுற்றிவளைக்க வேண்டும்? நேராகவே சொல்லிவிடலாமே: குறையுள்ள பொருளைச் சந்தையில் விட்டால், அதனால் ஏற்படும் காயத்துக்குத் தயாரித்தவரே பொறுப்பு, அவர் கவனமாக இருந்தாரா இல்லையா என்ற கேள்வியே வேண்டாம். காரணங்களையும் அடுக்கினார். ஆபத்தை முன்கூட்டியே பார்த்துத் தடுக்கக்கூடியவர் தயாரிப்பாளர்தான், வாங்குகிறவரால் முடியாது. காயத்தின் செலவு ஒரு தனி ஆளின் வாழ்க்கையையே கவிழ்த்துவிடும். தயாரிப்பாளரோ அதற்குக் காப்பீடு எடுத்து, பொருளின் விலையில் சேர்த்து, எல்லோர்மேலும் பரப்பிவிடலாம். அந்தக் காலத்துக் கைவினைஞரிடம் வாங்கியவர் பொருளைப் புரட்டிப் பார்த்து வாங்கினார். தொழிற்சாலைக் காலத்தில் அது நடக்காது. விளம்பரத்தையும் முத்திரையையும் நம்பித்தான் வாங்குகிறோம்.

வரிச் சட்டம் சொல்லிக்கொடுத்தவரின் மூளை இதில் தெரிகிறது என்பது என் எண்ணம். ஒரு சுமையை யார் தலையில் வைத்தால் அது மெல்லப் பரவி எல்லோருக்கும் இலேசாகும் என்பது வரி போடுகிறவர்கள் கேட்கும் கேள்வி. அதையே அவர் விபத்துக்குக் கேட்டார்.

மற்ற நீதிபதிகளில் யாரும் அவருடன் சேரவில்லை. தனித் தீர்ப்பு புத்தகத்தில் அச்சாகி, அங்கேயே கிடந்தது.

19 ஆண்டு கழித்து இன்னொரு வழக்கு வந்தது. ஒருவருக்கு அவர் மனைவி 1955 கிறிஸ்துமஸுக்கு ‘ஷாப்ஸ்மித்’ என்ற மரவேலை இயந்திரம் வாங்கிக் கொடுத்தார். ரம்பமாகவும் துளைபோடும் கருவியாகவும் கடைசல் இயந்திரமாகவும் மாற்றிக்கொள்ளலாம். 1957இல் அவர் கடைசல் வேலை செய்துகொண்டிருந்தபோது மரக்கட்டை பிய்த்துக்கொண்டு பறந்து நெற்றியில் அடித்தது. பாகங்களைப் பிடித்திருந்த திருகுகள் போதுமான உறுதியில்லாதவை என்று நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். தயாரித்த யூபா நிறுவனமோ, உத்தரவாதம் மீறப்பட்டதாகச் சொல்பவர் உரிய காலத்துக்குள் தகவல் தரவில்லையே, பத்தரை மாதம் கழித்தல்லவா கடிதம் வந்தது என்று வாதாடியது.

1963 ஜனவரியில் டிரேனர் தீர்ப்பு எழுதினார். இந்த முறை தனியாக அல்ல, நீதிமன்றம் முழுவதும் அவருடன். இது ஒப்பந்தப் பிரச்சினையே அல்ல, உத்தரவாதமும் அறிவிப்பும் வியாபாரிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கணக்கு. குறையுள்ள பொருளால் மனிதருக்குக் காயம் என்றால் தயாரித்தவருக்குக் கண்டிப்பான பொறுப்பு உண்டு என்றார். 1944இல் தான் எழுதிய தனித் தீர்ப்பையும் அங்கே மேற்கோள் காட்டினார். இரண்டு ஆண்டுக்குள், சட்ட அறிஞர்கள் தொகுத்து வெளியிடும் விபத்துச் சட்டத் தொகுப்பில் இந்த விதி ஏறிவிட்டது. மாநிலம் மாநிலமாக நீதிமன்றங்கள் அதை ஏற்றுக்கொண்டன. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறையுள்ள பொருளுக்கான பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. பாட்டிலுக்குள் என்ன நடந்தது என்று வாங்கியவரைக் கேட்டுத் துளைப்பதில் நியாயமில்லை என்ற எண்ணம் எத்தனையோ நாடு தாண்டி வந்திருக்கிறது.

அப்படியானால் மாநில உச்ச நீதிபதிகள் வைத்ததுதான் சட்டமா? கிடையாது. 1961இல் டிரேனர் இன்னொரு பழைய விதியைத் தூக்கிப்போட்டார்: அரசு சார்ந்த அமைப்பின்மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது என்ற விதி. இடுப்பெலும்பு முறிந்து பொது மருத்துவமனையில் சேர்ந்த ஒரு பெண், ஊழியர்களின் கவனக்குறைவால் மறுபடி விழுந்து அடிபட்ட வழக்கு அது. அந்த விதி வெறும் பழக்கத்தால்தான் உயிரோடு இருக்கிறது என்பது அவர் வாதம். சட்டமன்றம் பதறிப்போய் அந்தத் தீர்ப்பை இரண்டு ஆண்டு நிறுத்திவைத்து, 1963இல் அரசின் பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று தானே ஒரு சட்டம் இயற்றிவிட்டது. ‘காமன் லா’வை நீதிபதி மாற்றலாம், அதை மீறிச் சட்டமன்றமும் எழுதலாம்.

மக்களின் கையிலும் ஒரு கடிவாளம் உண்டு. டிரேனரை மக்கள் நீக்கவில்லை. ஆனால் 1986இல் கலிபோர்னியாவின் முதல் பெண் தலைமை நீதிபதி ரோஸ் பேர்டையும் அவருடன் இரண்டு நீதிபதிகளையும் வாக்காளர்கள் ‘இல்லை’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். மரண தண்டனை வழக்குகளில் அவர்கள் எடுத்த நிலைதான் பிரசாரத்தின் மையம். நீதிபதி தேர்தலுக்குப் பயந்து எழுதலாமா என்ற கேள்விக்கு அமெரிக்கர்களிடமே ஒத்த பதில் கிடையாது. எனக்கும் அந்த ஏற்பாடு உறுத்துகிறது. ஆனால் தவறு செய்கிற நீதிபதியை அசைக்கவே முடியாத ஏற்பாடும் உறுத்தத்தானே செய்கிறது.

அரசமைப்பைக் காட்டி ஒரு சட்டத்தையே செல்லாது என்று சொல்வது மாநில நீதிபதியின் இன்னொரு வேலை. சட்டமன்றத்தால் அதை எளிதில் திருப்ப முடியாது. டிரேனரின் பெயர் வரலாற்றில் நிற்க இதுவே போதும்.

1947இல் ஆண்ட்ரியா பெரெஸ் என்ற பெண்ணும் சில்வெஸ்டர் டேவிஸ் என்ற ஆணும் கல்யாண உரிமம் கேட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் அலுவலகத்துக்குப் போனார்கள். பெரெஸ் மெக்சிகோ வம்சாவளி. அன்றைய சட்டத்தின் கணக்கில் வெள்ளையர். டேவிஸ் கறுப்பினத்தவர். வெள்ளையர் கறுப்பினத்தவரையோ மங்கோலிய, மலாய் இனத்தவரையோ கலப்பினத்தவரையோ மணக்கக் கூடாது என்று கலிபோர்னியச் சட்டம் சொன்னது. மலாய் என்ற சொல்லை 1933இல் பிலிப்பினோக்களைக் குறிவைத்துச் சேர்த்தார்கள். (இதே சட்டத்தின் நிழலில்தான் கலிபோர்னியாவில் விவசாயம் செய்யப் போன பஞ்சாபிகள் பலர் மெக்சிகோப் பெண்களை மணந்தார்கள். இரண்டு பேரும் பார்க்க ஒரே நிறம் என்று குமாஸ்தா நினைத்தால் உரிமம் கிடைத்துவிடும்.) பெரெஸுக்கும் டேவிஸுக்கும் உரிமம் மறுக்கப்பட்டது.

வாய்வாதத்தின்போது டிரேனர் மாவட்ட நிர்வாகத்தின் வக்கீலிடம் கேட்டது மிகச் சாதாரணமான கேள்வி: இந்தச் சட்டம் கறுப்பினத்தவர் என்று யாரைச் சொல்கிறது? நீதிமன்றங்கள் இதுவரை அதற்கு விளக்கம் தரவில்லை என்றார் வக்கீல். கலப்பினத்தவர் என்றால் யார், பதினாறில் ஒரு பங்கு இரத்தமா என்று டிரேனர் தொடர்ந்தார். உருப்படியான பதில் வரவில்லை. மனிதரின் கல்யாணத்தைத் தடுக்கிற சட்டத்துக்கு, யாரைத் தடுக்கிறோம் என்றே சொல்லத் தெரியவில்லை.

சட்டம் எல்லா இனத்தையும் சமமாகத்தானே நடத்துகிறது, வெள்ளையரும் கறுப்பினத்தவரை மணக்க முடியாது, கறுப்பினத்தவரும் வெள்ளையரை மணக்க முடியாது என்று ஒரு சாமர்த்தியமான வாதம் இருந்தது. மணம் செய்யும் உரிமை தனி மனிதருடையது, இனக் குழுவுடையது அல்ல என்று டிரேனர் அதை உடைத்தார். தான் விரும்புகிற ஆளை மணக்க முடியாவிட்டால், வேறு யாரையோ மணக்கலாம் என்பதால் என்ன பயன்? 1948 அக்டோபர் 1 அன்று, நாலுக்கு மூன்று என்ற கணக்கில் சட்டம் விழுந்தது. அப்போது அமெரிக்க மாநிலங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இப்படிப்பட்ட சட்டம் அமலில் இருந்தது.

வாஷிங்டன் இதே முடிவுக்கு வந்தது 1967இல், லவிங் வழக்கில். மறுபடியும் 19 ஆண்டு இடைவெளி. தற்செயல்தான், ஆனால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. அந்தத் தீர்ப்பை எழுதிய அமெரிக்கத் தலைமை நீதிபதி யார் தெரியுமா? 1940இல் ராடினைத் தள்ளிவிட்டு டிரேனருக்கு வழி திறந்த அதே ஏர்ல் வாரன். இப்படிப்பட்ட சட்டங்கள் சமத்துவ உரிமைக்கு எதிரானவை என்று முதலில் கண்டது கலிபோர்னியா உச்ச நீதிமன்றம்தான் என்று ஓர் அடிக்குறிப்பில் எழுதிவைத்தார்.

டிரேனர் எல்லாவற்றையும் முதலிலேயே சரியாகப் பார்த்தவர் என்று எண்ண வேண்டாம். போலீஸ் சட்டவிரோதமாகச் சோதனை போட்டு எடுத்த சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்கலாமா என்று 1942இல் கேள்வி வந்தது. ஏற்கலாம் என்று எழுதியவர் அவரேதான். பதின்மூன்று ஆண்டு கழித்து இன்னொரு வழக்கு. சூதாட்டக்காரர்களைப் பிடிக்க லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸார் ஒரு வீட்டின் ஜன்னல் வழியாக ஏறி உள்ளே போய், இழுப்பறை மேசைக்கடியில் ஒலிவாங்கியை ஒளித்துவைத்திருந்தார்கள். செய்ததை நீதிமன்றத்தில் கூச்சமில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். 1955இல் டிரேனர் தன் பழைய முடிவைத் தானே மாற்றினார். இதுவும் நாலுக்கு மூன்றுதான்.

ஏன் மாறினார் என்று பின்னால் ஒரு கட்டுரையில் விளக்கினார். எப்போதோ ஒரு காவலர் தடுமாறியதைப் பொறுத்துக்கொள்வது ஒரு விஷயம். ஆனால் வழக்குக்கு வழக்கு அதே மாதிரி சாட்சியம் சர்வசாதாரணமாக வந்து நின்றதைப் பார்த்தபோது, நீதிமன்றமும் அதற்கு உடந்தையாகிறது என்று உறைத்ததாம். 1961இல் வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சட்டவிரோதச் சாட்சியத்தை எல்லா மாநிலங்களிலும் விலக்கியபோது கலிபோர்னியாவின் இந்த அனுபவத்தை எடுத்துக் காட்டியது.

1964இல் ஆளுநர் பாட் பிரவுன் அவரைத் தலைமை நீதிபதி ஆக்கினார். 1970இல் ஓய்வு பெற்று, சான் பிரான்சிஸ்கோவின் ஹேஸ்டிங்ஸ் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தப் போனார். 1983 மே மாதம் பெர்க்லியில் காலமானார்.

30 ஆண்டில் ஏறக்குறைய 900 தீர்ப்புகள். அமெரிக்கச் சட்ட மாணவர்கள் முதல் ஆண்டிலேயே சந்திப்பது பெரும்பாலும் அந்தப் பாட்டில் வழக்கைத்தான், அதிலும் டிரேனரின் தனித் தீர்ப்பைத்தான். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியது யார் என்று கேட்டால் பலருக்குச் சட்டென்று நினைவுக்கு வராது. மெர்செட்டில் கை கிழிந்த அந்தப் பெண்ணுக்குப் பணம் வாங்கிக் கொடுத்தது என்னவோ ஃபில் கிப்சனின் தீர்ப்புதான்.